தொட்டுக்க ஒரு தொவையல்

எங்கள் பக்கத்தில் சோற்றுக்கோ கஞ்சிக்கோ கூடச் சேர்த்துக்கொள்கிற எதற்கும் வெஞ்சனம் என்று பேர். தேனியில் தொடங்கி கூடலூர் வரைக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் எந்த ஊரில் கேட்டாலும் இந்தச் சொல் இருக்கும். ஊர்த்தெருவில் வெஞ்சனம் என்றால் கூட்டு, பொரியல், கறி. காலனியில் வெஞ்சனம் என்றால் பாதி நாளைக்கு உப்பும் மொளகாயும் புளியும் வைத்து அரைத்த தொவையல்தான். அதில் தோய்த்துக் கடிக்க, காட்டில் கிடைக்கிற பச்சைக் காய். "தொட்டுக்க என்னத்தா இருக்கு?" என்று கேட்டால் "தொவையலு இருக்கு, காயி அங்கிட்டுப் போயிப் பாத்துக்கலாம்" என்று பதில் வரும். தொவையல் வீட்டிலிருந்து போகும். காய் வேலைக்காட்டில் இருக்கும். இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய கணக்கு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எம்.ஏ. தமிழ் படிக்கும்போது, வியஞ்சனம் என்ற வடசொல்தான் வெஞ்சனம் ஆனது என்று தெரிந்துகொண்டேன். சரிதான். ஆனால் வகுப்பில் யாரும் நின்று பார்க்காத சொல் ஒன்று உண்டு. அது 'தொட்டுக்க'. சாப்பாட்டுக்குள் தொடுதலை வைத்துப் பேசுகிற மொழி நம்முடையது. 'தொடாதே, தள்ளி நில்லு' என்பதும் இதே மொழிதான். தொட்டுக்கொள்ளாமல் கஞ்சி இறங்காது. நாம் தொட்டால் தீட்டு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் சனங்க காலங்காலமாகத் தின்று உயிரோடு இருந்திருக்கிறார்கள். மராத்தியில் ஷாஹு பாட்டோளே 2015இல் தலித் வீட்டுச் சமையலைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். 2024இல் அது ஆங்கிலத்திலும் வந்தது. படித்தபோது எனக்கு எங்க தெரு அம்மிதான் ஞாபகத்துக்கு வந்தது. நம் ஆத்தாமார்களின் கைப்பக்குவத்தையும் நாம்தான் எழுதிவைக்க வேண்டும். ஆகவே முதலில் பக்குவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நாலு பேருக்கு எட்டுப் பத்து வர மொளகா. அடுப்புக் கங்கில் காட்டி, கருகவிடாமல், தோல் உப்பி வாசம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். நெல்லிக்காய் அளவு புளி, கொட்டை எடுத்தது. கல்லுப்பு. பூண்டு ஆறு பல், தோலோடு சுட்டது. சின்ன வெங்காயம் ஒரு கை. தக்காளி விலை மலிந்த நாளில் ஒரு தக்காளியும் சுட்டுச் சேர்க்கலாம், இல்லாவிட்டாலும் குறையில்லை. அம்மியில் முதலில் உப்பையும் மொளகாயையும்தான் வைக்கணும். கல்லுப்பின் பரல் மொளகாயை அறுத்துக் கொடுக்கும், கொழவிக்குப் பாதி வேலை மிச்சம். அது மசிந்த பிறகு பூண்டு. பிறகு புளி. வெங்காயம் கடைசியில்தான், அதுவும் ஒரே இழுப்பு, நசுங்கினால் போதும். வெங்காயத்தை மைய அரைத்தால் கசப்புத் தட்டும். "வெங்காயத்தக் கொல்லாதடி, மெரட்டி விடு" என்பாள் எங்க அம்மாச்சி. இதுவரைக்கும் தொவையல். இனிமேல்தான் அது தொட்டுக்கிற பதத்துக்கு வரணும். முந்தின நாள் நீச்சத்தண்ணியை நாலு கரண்டி விட்டுக் கரைத்தால், காயை முக்கி எடுத்தால் சொட்டாமல் ஒட்டுகிற பதம் வரும். வீட்டில் இருந்தால் மேலே நாலு சொட்டு நல்லெண்ணெய். மொளகாயின் காரம் தண்ணியில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் எண்ணெய் சேர்த்தால் காரம் நாக்கில் குத்தாமல் பரவி நிற்கும். இந்தச் சங்கதியை எங்க அம்மாச்சி எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை.

காட்டில் அம்மி கிடையாது. வாய்க்கா மேட்டில் கிடக்கிற தட்டக் கல்லும் கையடக்கமான உருண்டைக் கல்லும்தான் அம்மி, கொழவி. அதுவும் இல்லையென்றால் தூக்குவாளி மூடியைக் கவிழ்த்து வைத்து, உப்பையும் மொளகாயையும் கையாலேயே நுணுக்கிக்கொள்வார்கள். காய்க்குப் பஞ்சமில்லை. வெள்ளரிப் பிஞ்சு, வெண்டைப் பிஞ்சு, முள்ளங்கி, நூல்கோல், முட்டைக்கோஸின் உள்குருத்து, பழுக்காத தக்காளி, வேலியோரத்துக் கோவைக்காய். சின்னமனூர், ஓடைப்பட்டி, தேவாரம் பக்கம் போனால் பீட்ரூட். பீட்ரூட்டைப் பச்சையாகக் கடித்தால் மண்வாசம் அடிக்கும். தொவையலில் தொட்டால் அந்த வாசம் அடங்கி இனிப்பு மேலே வரும். மாங்காய்க் காலத்தில் பெரியகுளம் பக்கத்துத் தோப்பில் உதிர்ந்த மாங்காய். வெள்ளரியை நறுக்கித் தொவையலில் போட்டுவைத்தால் உப்பு அதன் தண்ணியை இழுத்துவிடும், தொவையல் நீர்த்துப்போகும். ஆகவே போட்டுவைக்கக் கூடாது, கடிக்கிற கணத்தில்தான் தொடணும். ஒரு கடி, ஒரு தொடல்.

கம்பம் பள்ளத்தாக்கை வெளியூர்க்காரர்கள் பச்சைப்பசேல் என்று எழுதுவார்கள். 1895இல் முல்லைப் பெரியாறு அணை திறந்து, மேற்கே போன தண்ணி கிழக்கே திரும்பியதும் இந்தப் பள்ளத்தாக்கு செழித்தது. இன்றைக்கும் 14,707 ஏக்கர் இருபோக நிலம் என்று பொதுப்பணித்துறைக் கணக்கு சொல்லும். தென்னை, வாழை, திராட்சை, காய்கறி இதெல்லாம் தனி. பென்னிகுவிக் படத்தை வீட்டில் மாட்டிக் கும்பிடுகிறவர்கள் இங்கே ஏராளம். அந்தத் தண்ணி பாய்கிற நிலத்தில் நம் சனங்களுக்கு எத்தனை ஏக்கர் என்று கேட்டால் பேச்சு நின்றுபோகும். தண்ணி வந்து நூற்று முப்பது வருசம் ஆகிறது. வாய்க்காலை வெட்டினவன், தூர்வாரினவன், நாத்து நட்டவள், களை எடுத்தவள் எல்லாம் இன்னும் வரப்பின் மேலே உட்கார்ந்துதான் கஞ்சி குடிக்கிறார்கள்.

அந்த வரப்புக்கு வருவோம். பள்ளிக்கூட லீவு நாட்களில் ஆத்தாவோடு நானும் காய் பறிக்கப் போயிருக்கிறேன். ரெண்டாயிரத்தை ஒட்டிய வருசங்கள். சாயங்காலம் வேலை முடிந்ததும் பொம்பளைங்க வரிசையாக நிற்கணும். தோட்டத்துக்காரர் கிணத்து மேட்டில் நின்றுகொண்டு, "மடிய ஒதறிக் காட்டிட்டுப் போங்க" என்பார். அவர் பெயர் இங்கே வேண்டாம். ஒரு தோட்டத்தில் மட்டும் நடந்ததல்ல இது. என் ஆத்தா வயசுப் பொம்பளைங்க, பேரன் பேத்தி எடுத்தவுங்க, முந்தானையை அவிழ்த்து உதறுவார்கள். ஒரு வெண்டைக்காய் விழுந்தால் போச்சு. "களவாணிச் சாதி" என்று வாயில் வரும். அன்றைக்குக் கூலியில் பிடித்தம் வேறு. கூடை கூடையாக அவள் பறித்து அடுக்கிய காய் தேனிச் சந்தைக்கும் குமுளி வழியாகக் கேரளத்துக்கும் போகும். அவள் வீட்டுக் குழம்புக்கு அதில் ஒரு காய் போகாது.

இங்கேதான் தொவையல் டப்பா வருகிறது. மடியைச் சோதிக்கலாம். வயிற்றை எப்படிச் சோதிப்பான்? வீட்டுக்குக் கொண்டுபோக முடியாததை அங்கேயே, நிரையின் நடுவிலேயே தின்றுவிடுவது என்று நம் பொம்பளைங்க முடிவு பண்ணியிருக்கிறார்கள். பச்சைக் காயை வெறுமனே எத்தனை தின்ன முடியும்? நாலு வெண்டைக்காய்க்கு மேல் வாய் வழுவழுத்துப்போகும். தொவையல் இருந்தால் இருபது இறங்கும். ஆகவே காலையில் கஞ்சித் தூக்குக்குள், மேலாப்பில், ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. அதற்குள் கெட்டியாக அரைத்த தொவையல். கொடுக்காத கூலியை அந்த டப்பா வசூல் பண்ணியது. இதைத் திருட்டு என்று ஊர் சொல்லும். விளைய வைத்தவள் விளைந்ததில் ஒரு வாய் தின்பதற்குத் திருட்டு என்று பெயர் வைத்தவன் யார் என்பதுதான் என் கேள்வி. "மாடு மாதிரி பச்சையாத் திங்குதுக பாரு" என்று வரப்பில் நின்று சிரித்தவர்கள் உண்டு. மாட்டுக்காவது வாய்க்கூடு போட்டுத்தான் தோட்டத்துக்குள் விடுவார்கள். எங்களுக்கு வாய்க்கூடு போட முடியாததுதான் அவர்களுடைய எரிச்சல்.

இதில் உடம்புக் கணக்கும் ஒன்று இருக்கிறது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4 விழுக்காடு. கம்பு, கேப்பை, கீரை இவற்றில் இரும்புச்சத்து இருந்தாலும் உடம்பு அதைச் சுலபமாக எடுத்துக்கொள்வதில்லை. கூடவே வைட்டமின் சி இருந்தால் எடுத்துக்கொள்ளும். அந்தச் சத்து வேகவைத்தால் பெருமளவு போய்விடும், பச்சைக் காயில்தான் முழுசாக நிற்கும். பச்சை மொளகாயிலும் கொய்யாவிலும் நெல்லியிலும் அது நிறைய. புளியின் புளிப்பும் கைகொடுக்கும். கம்பங்கஞ்சியும் பச்சைக் காயும் புளித்தொவையலும் சேர்ந்த அந்த மத்தியானச் சாப்பாடு, பசிக்குத் தின்றது மட்டுமல்ல, தெரிந்து சேர்த்த சேர்க்கை. ரேஷன் அரிசிச் சோறும் பாக்கெட் ஊறுகாயும் அந்த இடத்துக்கு வந்துவிட்ட வீடுகளில் இன்றைக்குப் பெண்பிள்ளைகள் இரும்புச்சத்து மாத்திரைக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

தொவையலில் சேர்கிற ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தால் சாதிக் கதை வெளியே வரும். மொளகா இந்த மண்ணில் பிறந்ததல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் வந்தது. மிளகு மாதிரி உறைக்கிற காய் என்பதால் மிளகாய் என்று பேர் வைத்தோம். எந்தச் சாத்திரத்திலும் அதற்கு இடமில்லை. ஆசாரம் பார்க்கிற பார்ப்பன வீடுகளில் திதிச் சமையலுக்கு இன்றைக்கும் மிளகுதான், மொளகா கூடாது. வெங்காயமும் பூண்டும் கூடவே கூடாது. அவர்கள் விலக்கிய மூன்றையும் சேர்த்து அரைத்தால் அதுதான் நம் தொவையல்! விலையுள்ள மிளகு கப்பலேறிப் போய்க்கொண்டிருந்த மலையடிவாரத்தில், வீட்டுக் கொல்லையில் குப்பைமேட்டில் முளைத்துக் காய்க்கிற மொளகா ஏழைக்குக் கிடைத்தது பெரிய விசயம். காரத்துக்கு யார் கையையும் எதிர்பார்க்கத் தேவையில்லை என்று ஆயிற்று.

உப்புக்கு வேறு கதை. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அதே பழமொழியைத்தான் தோட்டத்துக்காரர்களும் சொன்னார்கள். கூலி கூடுதலாகக் கேட்டால், "எங்க உப்பத் தின்னு வளந்தவுங்கதான நீங்க" என்று பேச்சு வரும். உப்பை யார் இட்டார்கள்? தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பளத்து வெயிலில் நின்று, பாதம் வெடித்து, கண் கூசிப்போன சனங்கள் இட்டார்கள். நாம் நினைக்க வேண்டியது அவர்களைத்தான். புளியும் அப்படியே. ஆண்டிபட்டி, வருசநாட்டுப் பக்கம் விரல் மரத்துப்போகிற வரைக்கும் புளி தட்டிக் கொட்டை எடுக்கிற பெண்கள் இட்டது. நம் தொவையலுக்கு உப்பிட்டவர்கள் நம் சனங்களே. தோட்டத்துக்காரருக்கு நாம் எந்தக் கடனும் படவில்லை.

உலகத்தில் உழைக்கிற சனங்க எங்கே இருந்தாலும் இந்தத் தொவையலுக்கு ஒரு அக்கா தங்கச்சி இருக்கிறது. இலங்கையில் லுணு மிரிஸ் என்று உப்பும் மிளகாயும் வெங்காயமும் இடித்து எலுமிச்சை பிழிகிறார்கள். மாசி இருந்தால் சேர்ப்பார்கள். தாய்லாந்தில் நாம் பிரிக் என்று ஒன்று. மிளகாய், பூண்டு, புளித்த இறால் விழுது, எலுமிச்சை எல்லாம் உரலில் இடித்து நடுவில் வைத்து, சுற்றிப் பச்சைக் காயும் அவித்த காயும் வைத்துத் தொட்டுக்கொள்கிறார்கள். ராஜா வீட்டுச் சாப்பாட்டிலும் அது உண்டு, குடியானவர் வீட்டிலும் உண்டு. அங்கே அதைத் தின்கிறவனை மாடு என்று யாரும் சொல்லவில்லை. இங்கேயும் இப்போது நட்சத்திர ஓட்டலில் கேரட்டையும் வெள்ளரியையும் குச்சி குச்சியாக வெட்டிக் கிண்ணத்தில் ஏதோ குழைத்து வைத்து, உடம்புக்கு நல்லது என்று விற்கிறார்கள். சாலட் என்றால் நாகரிகம். வரப்பில் உட்கார்ந்து தின்றால் காட்டுமிராண்டித்தனம். காய் ஒன்றுதான், பல்லும் ஒன்றுதான். யார் பல் என்பதில்தான் வித்தியாசம்.

யார் கை என்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. 2018இல் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் பள்ளியில் ஒரு தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊர் திரண்டு வந்து பள்ளிக்கூடத்தை மறித்தது நினைவிருக்கும். அரிசியும் பருப்பும் அரசாங்கத்தது. பாத்திரமும் அரசாங்கத்தது. கை மட்டும் அவளுடையது. அந்தக் கைதான் பிரச்சினை. அதே கை பறித்த காயைத் தின்கிறார்கள், அதே கை நட்ட நெல்லைத் தின்கிறார்கள். சந்தைக்குப் போய்த் திரும்பினால் காய்க்குத் தீட்டுக் கழிந்துவிடுகிறது போலும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் எழுதப்பட்டபோது, குற்றங்களின் பட்டியலில் முதலாவதாக என்ன வைத்தார்கள் தெரியுமா? தின்னத்தகாததையும் அருவருப்பானதையும் தலித்தையோ பழங்குடியையோ கட்டாயப்படுத்தித் தின்ன வைப்பது, குடிக்க வைப்பது. அடிப்பதற்கும் நிலத்தைப் பறிப்பதற்கும் முன்னால் வாயை வைத்தார்கள். சட்டம் எழுதியவர்களுக்குச் சாதி எங்கே குடியிருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. 2002இல் திண்ணியத்தில் நடந்ததையும், 2022இல் வேங்கைவயல் தண்ணித் தொட்டியில் கலக்கப்பட்டதையும் நினைத்துக்கொண்டு அந்தப் பிரிவைப் படித்துப் பாருங்கள். நம் வாய்க்குள் எது போகலாம், எது போகக் கூடாது என்று முடிவு பண்ணுகிற அதிகாரம்தான் சாதி.

இதையெல்லாம் ஊர்க்காரர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு நிறுத்தினால் அது பாதி உண்மை. நமக்குள்ளும் ஒரு கும்பா இருக்கிறது. உத்தமபாளையம் பக்கம் நாங்கள் கூட்டிய கூலிப் பெண்கள் கூட்டம் ஒன்றில் மத்தியானச் சாப்பாட்டுக்கு அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. மூன்று தெருப் பெண்கள். பள்ளர், பறையர், அருந்ததியர் என்று பேர் சொல்லியே எழுதுகிறேன், மூடி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அருந்ததியர் தெருவிலிருந்து வந்த ஒரு சின்னாத்தா கும்பா நிறையத் தொவையல் கரைத்து, வெள்ளரிப் பிஞ்சோடு நடுவில் வைத்தாள். "எல்லாருந் தொட்டுக்கங்கத்தா" என்றாள். வாசம் கூரை வரைக்கும் எழும்பியது. கொஞ்ச நேரம் யாரும் கையை நீட்டவில்லை. "எனக்குக் காரம் ஆகாது மதினி" என்றாள் ஒருத்தி. அவள் வீட்டு மொளகாச் சட்டினியைத் தின்று எனக்குக் கண்ணில் தண்ணி வந்திருக்கிறது. "வயிறு சரியில்ல" என்றாள் இன்னொருத்தி. சின்னாத்தாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் கும்பாவை இழுத்துக்கொள்ளவும் இல்லை, கூப்பிட்டதைத் திரும்பச் சொல்லவும் இல்லை. அவள் பாட்டுக்கு ஒரு பிஞ்சை எடுத்துத் தொட்டுக் கடித்தாள். பிறகு பள்ளர் தெருவிலிருந்து வந்த ஒரு கல்லூரிப் பிள்ளை நகர்ந்து வந்து உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இன்னும் ரெண்டு பேர். மிச்சப் பேர் கடைசி வரைக்கும் அவரவர் தூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் கூலி உயர்வு பற்றித் தீர்மானம் போட்டோம், எல்லாரும் ஒருமனதாகக் கை தூக்கினார்கள். எனக்கு அந்தத் தூக்கிய கைகளைவிட நீட்டாத கைகள்தான் கண்ணுக்குள் நின்றன. அருந்ததியருக்கு உள் ஒதுக்கீடு 2009இல் சட்டமானது. மாநிலங்கள் இப்படி உட்பிரிவு செய்யலாம் என்று 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்தது. படிப்புக்கும் வேலைக்கும் சட்டம் வழி திறந்திருக்கிறது. கும்பாவுக்குள் கையை விடுவதற்குச் சட்டம் வராது. அதற்கு நாம்தான் வரணும். தோட்டத்துக்காரன் தனித் தம்ளர் வைத்தால் போராடுகிற நாம், நம் கூட்டத்தில் தனித் தூக்கு வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு விடுதலை பேசுவது?

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் வந்து உட்கார்ந்திருக்கிறது. தொவையல் இருக்கிறது, பசி இருக்கிறது, காயும் நிரையில் இருக்கிறது. ஆனால் இன்றைக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் காய் பறிக்கிற எந்தப் பொம்பளையும் பறித்த காயை வாயில் வைப்பதில்லை. மருந்து. அதை மருந்து என்று சொல்லிச் சொல்லியே நஞ்சு என்பது மறந்துபோனது. டப்பா மேல் முக்கோணம் போட்டிருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. எழுத்துத் தெரியாத பெண்கள்கூட இந்த நிறங்களைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். "செவப்பு அடிச்சிருக்கான்டி, வாயில வச்சிராத" என்று நிரை விட்டு நிரை சேதி போகும். மோனோகுரோட்டோபாஸ் என்ற நஞ்சைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005இலேயே மத்திய அரசு தடை போட்டது. எண்டோசல்பானை 2011இல் உச்சநீதிமன்றம் நிறுத்தியது. தடை காகிதத்தில் வருவதற்கும் நிரைக்கு வருவதற்கும் நடுவில் எத்தனை பேர் உடம்பு போகிறது? செடிக்குள்ளேயே ஊடுருவிப் போகிற நஞ்சுகளும் இவற்றில் உண்டு. வாய்க்காத் தண்ணியில் கழுவித் துடைத்தாலும் போகாது.

2015 வாக்கில், தமிழ்நாட்டிலிருந்து வருகிற காய்கறியில் நஞ்சு அதிகம் என்று கேரளத்தில் பெரிய பேச்சு எழுந்தது. காயை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நல்லது. வாங்கித் தின்கிறவர்களின் உடம்பு காக்கப்பட வேண்டியதுதான். ஆனால் அதே காயை வெறுங்கையால் பறித்தவள் ரத்தத்தை எடுத்து யார் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்? முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு முகத்தில் ஒரு துண்டை மட்டும் சுற்றிக்கொண்டு மருந்தடிக்கிறவன் நம் தெருப் பையன். 2017இல் மகாராட்டிரத்தில் யவத்மால் பருத்திக் காட்டில் மருந்தடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனபோதுதான் நாடு ஒரு வாரம் திரும்பிப் பார்த்தது. மடியை உதறச் சொன்ன காலத்தில் வயிறாவது நம் கட்டுப்பாட்டில் இருந்தது. இப்போது தோட்டத்துக்காரருக்குக் காவல் காக்கிற வேலை மிச்சம். நஞ்சே காவலுக்கு நிற்கிறது.

ஆகவே தொவையலைப் பற்றிப் பேசினால் நிலத்தைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையை ஒட்டி 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டவை பஞ்சமி நிலங்கள். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. அவற்றில் பெரும்பகுதி கைமாறிப் போய்விட்டது. அதை மீட்கக் கேட்டவர்களில் இரண்டு பேரைக் காரணையில் 1994இல் போலீஸ் சுட்டுக் கொன்றது. வரப்போரத்தில் ஒரு அரை ஏக்கர், வெள்ளரிக் கொடி நாலு, வெண்டைச் செடி நாற்பது, மொளகாச் செடி பத்து. இவ்வளவு இருந்தால் நம் பெண்களுக்கு யார் முன்னாலும் மடி உதறத் தேவையில்லை. எந்த முக்கோணத்தையும் படிக்கத் தேவையில்லை. அந்த அரை ஏக்கர்தான் இல்லை.

எங்கள் குழுவில் இப்போது மூன்று கோரிக்கை எழுதி வைத்திருக்கிறோம். பறிக்கிற பெண்களுக்குக் கூலியோடு சேர்த்து, வீட்டுக்கு ஒரு நாள் கறிக்காகிற காய் கொடுக்கணும். எந்த மருந்து, எந்தத் தேதியில் அடித்தது என்று நிரையில் இறங்குவதற்கு முன்னால் சொல்லணும், கையுறையும் முகமூடியும் தோட்டத்துக்காரர் செலவு. கிராமத்துப் புறம்போக்கில் காலனிப் பெண்கள் சேர்ந்து மருந்தில்லாமல் காய் போட இடம் ஒதுக்கணும். நாலாவது கோரிக்கை ஒன்று உண்டு. அதை அதிகாரிகளிடம் கொடுக்க முடியாது, நமக்கு நாமே கொடுத்துக்கொள்ள வேண்டியது. கூட்டம் எங்கே நடந்தாலும் சாப்பாட்டுக்கு நடுவில் ஒரே கும்பாதான். யார் வீட்டுத் தொவையல் என்று கேட்கக் கூடாது, எல்லாரும் தொட்டுக்கணும். இதைச் சொன்னதும் சின்னாத்தா சிரித்தாள். "தீர்மானமெல்லாம் போடுவீக. அடுத்த மாசம் நானும் கொண்டாரேன். எத்தன கை வருதுன்னு எண்ணிக்கிட்டே இருப்பேன்" என்றாள்.

நாங்களும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறோம். போன கூட்டத்தில் ஒன்பது கை.